பற்றை விட்டால் அன்பும் போய்விடுமா?

கீதை படிக்க ஆரம்பித்த பலரும் இரண்டாம் அத்தியாயத்தில் ஓரிடத்தில் தடுக்கி நிற்பார்கள். அவர்கள் கேட்பது ஏறக்குறைய இதுதான்: "சுகமும் துக்கமும் ஒன்று, லாபமும் நஷ்டமும் ஒன்று, வெற்றியும் தோல்வியும் ஒன்று என்று எண்ணிப் பற்றில்லாமல் வேலை செய் என்கிறார் கண்ணன். எல்லாம் ஒன்றுதான் என்றால் எதற்காக மாடாய் உழைக்க வேண்டும்? பெற்ற பிள்ளை மேல் பாசம் வைப்பதுகூடத் தப்பா? எதற்கும் அசையாத மனம் என்பது கல்நெஞ்சம்தானே?"

நியாயமான கேள்வி. அன்பை விடு என்றோ உழைப்பை விடு என்றோ நம் நூல்கள் சொல்லவில்லை. 'இது என்னுடையது, இது நான் நினைத்தபடி நடந்தே ஆக வேண்டும்' என்கிற பிடி இருக்கிறதே, அதைத்தான் விடச் சொல்கின்றன. இரண்டும் நமக்குள் பின்னிக் கிடப்பதால், ஒன்றை விட்டால் மற்றதும் போய்விடும் என்று பயப்படுகிறோம். இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வதுதான் இந்த விஷயத்தில் பாதி வேலை.

முதலில், கண்ணன் இதை யாரிடம் சொல்கிறார் என்று பாருங்கள். வில்லைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தவனிடம். பெரியோர்களைக் கொல்வதைவிடப் பிச்சை எடுத்துச் சாப்பிடுவது மேல் என்கிறான் அர்ஜுனன். கேட்பதற்குத் துறவு போலவே இருக்கிறது. ஆனால் அதைத்தான் கண்ணன் ஏற்க மறுக்கிறார். எல்லோரும் மேற்கோள் காட்டும் 'கர்மண்யேவாதிகாரஸ்தே' சுலோகத்தின் (2.47) கடைசிப் பகுதியை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். 'மா தே ஸங்கோஸ்த்வகர்மணி' என்று முடிகிறது அது. செயலின் பலனில் பற்று வைக்காதே என்றவர், செயலற்று இருப்பதிலும் பற்று வைக்காதே என்று சேர்த்தே சொல்கிறார். அதற்கு அடுத்த சுலோகத்தில்தான் 'ஸமத்வம் யோக உச்யதே', சமநிலைதான் யோகம் என்று வருகிறது.

பதினெட்டாம் அத்தியாயத்துக்குப் போனால் இன்னும் தெளிவு. கஷ்டம், உடம்பு நோகும் என்று பயந்து கடமையை விடுவது ராஜசத் தியாகம் (ரஜோ குணம் என்ற ஆசை வேகத்தில் விடுவது), அதற்குத் தியாகத்தின் பலன் கிடைக்காது என்கிறது 18.8. அப்புறம் 18.26-இல் சாத்விகமாகச் செயல்படுகிறவன் எப்படி இருப்பான் என்று ஒரு வர்ணனை: பற்று நீங்கியவன், 'நான் நான்' என்று பேசாதவன், உறுதியும் உற்சாகமும் நிறைந்தவன், காரியம் கைகூடினாலும் கூடாவிட்டாலும் நிலைமாறாதவன். உற்சாகம் என்பது உரையாசிரியர் யாரும் சேர்த்ததல்ல, மூலத்திலேயே இருக்கிறது. ஆக, பற்றில்லாதவன் சோம்பிக் கிடப்பான் என்கிற எண்ணத்துக்குக் கீதையில் இடமே இல்லை. உழைப்பு பற்றிய கேள்விக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

கஷ்டமான பகுதி மனசு. அந்தப் பிடி எப்படி விழுகிறது என்பதைக் கீதை இரண்டே சுலோகங்களில் (2.62, 63) படிப்படியாகக் காட்டுகிறது. ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தால் அதில் ஒட்டுதல் வருகிறது, ஒட்டுதலிலிருந்து ஆசை, ஆசையிலிருந்து கோபம், கோபத்திலிருந்து மயக்கம், மயக்கத்தால் நினைவு தப்புகிறது, நினைவு தப்பினால் புத்தி போகிறது, புத்தி போனால் ஆளே போகிறான். இது ஏதோ முனிவர்களுக்குச் சொன்னது போலத் தோன்றும். நம் வீட்டுக்குள் வைத்துப் பாருங்கள்.

இரவு நேரம். வேலை முடிந்து வந்தவர் படுக்கையில் சாய்ந்துகொண்டு கைபேசியைத் தள்ளிக்கொண்டிருக்கிறார். கூடப் படித்த ஒருவன் புது வீட்டு வாசலில் குடும்பத்தோடு நிற்கும் படம் வருகிறது. ஒரு தடவை பார்த்துவிட்டுத் தள்ளியிருந்தால் அதோடு சரி. இவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார். மாடிப்படியைப் பார்க்கிறார், நிற்கிற காரைப் பார்க்கிறார், கீழே யார் யார் வாழ்த்தியிருக்கிறார்கள் என்று படிக்கிறார். 'என்னைவிடக் குறைவாகப் படித்தவன்' என்று ஒரு நினைப்பு ஓடுகிறது. எனக்கு ஏன் இல்லை என்று அடுத்த நினைப்பு. அந்தச் சமயத்தில் மனைவி வந்து, "நாளைக்குப் பையனுக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்டணும்" என்கிறார். சுள்ளென்று விழுகிறார் இவர். எத்தனையோ கஷ்டத்தில் கூட நின்றவர் அந்த மனைவிதான் என்பது அந்த நிமிஷம் நினைவில் இல்லை. நினைவு தப்புவது என்று கீதை சொல்வது இதைத்தான். அப்புறம் சொல்லக்கூடாத ஒரு வார்த்தை வந்து விழுகிறது. வீடு கட்டியவன் மேல் இவருக்குப் பகையும் இல்லை, மனைவி மேல் குறையும் இல்லை. இருந்தும் அந்த வார்த்தை வந்துவிட்டது.

இந்தச் சங்கிலியில் எங்கே கை வைக்க முடியும்? கோபம் வந்த பிறகு அடக்கப் பார்ப்பது மிகக் கடினம். இரண்டாம் தடவை படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிற இடத்தில் நிறுத்துவது அவ்வளவு கடினமில்லை. வைராக்கியம், அதாவது பற்றின்மை, என்பது பெரும்பாலும் அங்கே நடக்கிற சின்ன வேலை. ஒவ்வொரு புலனுக்கும் அதனதன் விஷயத்தில் விருப்பும் வெறுப்பும் அமைந்தேதான் இருக்கின்றன, அவற்றின் வசப்படாதே என்கிறது 3.34. அவற்றை அழித்துவிட்டு வா என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். இனிப்பு பிடிப்பதும் இரைச்சல் பிடிக்காததும் குற்றமல்ல. அவை நம்மைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதுதான் சிக்கல்.

அடக்கி வைப்பதும் வழியல்ல. கையையும் காலையும் கட்டிப்போட்டுவிட்டு மனசால் அதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனை 'மித்யாசாரன்', பொய்யொழுக்கம் உடையவன் என்கிறார் கண்ணன் (3.6). பட்டினி கிடப்பவனை விட்டு விஷயங்கள் விலகலாம், அவற்றின் மேலுள்ள ருசி விலகாது; அதைவிட உயர்ந்த ஒன்றைக் கண்டால்தான் அந்த ருசியும் போகும் என்கிறது 2.59. நம் திருவள்ளுவரும் அதே நாடியைப் பிடித்திருக்கிறார்: 'பற்றுக பற்றற்றான் பற்றினை அப்பற்றைப் பற்றுக பற்று விடற்கு.' வெறும் கையாக நிற்க மனசுக்குத் தெரியாது. மேலான ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றது தானே நழுவும்.

இனி, கல்நெஞ்சம் என்ற இடத்துக்கு வருவோம். இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

சமநிலைக்கு உதாரணமாக எப்போதும் காட்டப்படுபவர் இராமன். அரசை ஏற்றுக்கொள் என்றபோதும், எல்லாவற்றையும் விட்டுக் காட்டுக்குப் போ என்றபோதும் முகம் மாறவில்லை. கம்பர் அதைச் சொல்லும் பாட்டு:

மெய்த்திருப் பதம்மேவு என்ற போதினும்
இத்திருத் துறந்துஏகு என்ற போதினும்
சித்திரத்தின் அலர்ந்த செந்தாமரை
ஒத்திருக்கும் முகத்தினை உன்னுவாள்

வரைந்த தாமரை வாடாது, கூம்பாது. அப்படி இருந்தது அந்த முகம். ஆனால் இந்தப் பாட்டு எங்கே வருகிறது என்று பாருங்கள். சுந்தர காண்டத்தில், அசோகவனத்தில் சிறையிருக்கும் சீதை அந்த முகத்தை நினைத்து உருகும் இடத்தில். அதே இராமன் சீதையைக் காணாமல் என்ன பாடுபட்டான்? வால்மீகியில் மரம் மரமாகப் போய், மானிடம் போய், என் சீதையைப் பார்த்தாயா என்று கேட்டுப் புலம்புகிறான். ஜடாயு இறந்தபோது பெற்ற தகப்பனுக்குச் செய்வதுபோல ஈமக்கடன் செய்து அழுகிறான். தனக்கு வரவேண்டிய ராஜ்யம் போனபோது அசையாதவன், அன்பு வைத்தவர்கள் துன்பப்பட்டபோது உடைந்துபோகிறான். இதில் முரண்பாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை. தன் லாப நஷ்டத்தில் அசையாத மனசுதான் பிறர் வலியை முழுசாக வாங்கிக்கொள்ள முடியும் என்றுதான் படிக்கிறேன்.

அர்ஜுனனையே எடுத்துக்கொள்ளுங்கள். கீதை முழுவதையும் நேரில் கேட்டவன். யுத்தத்தின் பதின்மூன்றாம் நாள் அபிமன்யு கொல்லப்பட்டபோது அவன் புலம்பிய புலம்பலைத் துரோண பர்வம் ஒளிக்காமல் சொல்கிறது. உனக்குத்தான் எல்லாம் சொன்னேனே, ஏன் அழுகிறாய் என்று கண்ணன் அவனைக் கைவிடவில்லை. பக்கத்திலிருந்து தேற்றுகிறார், சுபத்திரையிடமும் போய்த் தேற்றுகிறார். துக்கம் நடந்த வீட்டில் போய் நின்றுகொண்டு, ஆத்மாவுக்கு அழிவில்லை, பற்று வைக்காதீர்கள் என்று உபதேசம் செய்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். பற்றின்மை நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டிய பாடம். அடுத்தவரின் அழுகையை நிறுத்த அதைக் கையிலெடுப்பது கொடுமை.

பன்னிரண்டாம் அத்தியாயத்தில் இறைவனுக்குப் பிரியமானவன் யார் என்று வரும் 13-ஆம் சுலோகத்தை நிதானமாகப் படியுங்கள். எந்த உயிரையும் வெறுக்காதவன், நட்புடையவன், கருணையுடையவன், 'எனது' இல்லாதவன், 'நான்' இல்லாதவன், இன்ப துன்பங்களில் சமமானவன், பொறுமையுள்ளவன். நட்பும் கருணையும் சமநிலையும் ஒரே மூச்சில் வருகின்றன. பதஞ்சலி யோக சூத்திரத்திலும் (1.33) இதே ஒழுங்கு இருக்கிறது. சுகமாக இருப்பவரிடம் நட்பு, துன்பப்படுபவரிடம் கருணை, நல்லது செய்பவரிடம் மகிழ்ச்சி, தீயது செய்பவரிடம் உபேக்ஷை, அதாவது கண்டுகொள்ளாமல் விலகியிருத்தல். நான்கில் ஒன்றுதான் விலகியிருப்பது, அதுவும் துன்பப்படுபவரிடம் அல்ல. கஷ்டப்படுகிற மனிதரைப் பார்த்து 'அது அவர் கர்மா, நான் சமநிலையில் இருக்கிறேன்' என்று ஒதுங்கிப் போகிறவர் பதஞ்சலி சொன்னதைத் தலைகீழாகச் செய்கிறார்.

அப்படியென்றால் பிள்ளைப் பாசம்? கீதை 13-ஆம் அத்தியாயத்தில் ஞானத்தின் அடையாளங்களாக வரும் பட்டியலில், பிள்ளை, மனைவி, வீடு முதலியவற்றில் 'அனபிஷ்வங்கம்' என்று ஒன்று இருக்கிறது. சங்கரர் அதற்கு எழுதும் உரை நுட்பமானது: மற்றொருவர் நன்றாக இருந்தால் நானே நன்றாக இருக்கிறேன், அவருக்குக் கெட்டது வந்தால் நானே கெட்டேன் என்று அவரையே தானாக நினைத்துவிடுகிற ஒட்டுதல்தான் அபிஷ்வங்கம். அது இல்லாமல் இருப்பதுதான் இங்கே கேட்கப்படுகிறது. தேர்வு முடிவு வருகிற நாளில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். மதிப்பெண் குறைந்துவிட்டது. பெண் மூலையில் உட்கார்ந்து அழுகிறாள். அப்பாவுக்கு முதலில் தோன்றுவது 'நான் எப்படி வெளியே தலைகாட்டுவேன்' என்றால், அவர் அவளைப் பார்க்கவே இல்லை. தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த நினைப்பு இல்லாத அப்பாவால்தான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "சரிம்மா, முதல்ல சாப்பிடு, அடுத்து என்ன பண்ணலாம்னு அப்புறம் பார்ப்போம்" என்று சொல்ல முடியும். யாருக்கு அன்பு அதிகம்?

இதன் மறுபக்கம் பாகவதம் ஐந்தாம் ஸ்கந்தத்தில் வரும் பரதனின் கதை (இராமனின் தம்பி பரதன் அல்ல). பேரரசை விட்டுக் காட்டுக்கு வந்த மனிதர். சிங்கத்தின் கர்ஜனையில் மிரண்டு ஆற்றைத் தாண்டிய ஒரு சினைமான், குட்டியைத் தண்ணீரில் ஈன்றுவிட்டு இறந்துபோகிறது. குட்டியைத் தூக்கி வந்து வளர்க்கிறார். வரவர அது கண்ணில் படாவிட்டால் தவிப்பு. ஓநாய் தின்றிருக்குமோ, எங்கே போயிற்றோ என்று பூஜையின் நடுவிலும் எழுந்து போகிறார். சாகும்போதும் அதே நினைவு. அடுத்த பிறவி மானாகவே. குட்டியைக் காப்பாற்றியது தப்பு என்று இந்தக் கதையைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தண்ணீரில் தத்தளித்த உயிரைத் தூக்கியது கருணை. 'என் மான்' என்ற தவிப்பு அதற்கு அப்புறம் வந்தது. ராஜ்யத்தை விட்டவர் ஒரு மான்குட்டியிடம் சிக்கினார் என்பதிலிருந்து, பொருளின் அளவுக்கும் பிடியின் அளவுக்கும் சம்பந்தமே இல்லை என்று தெரிகிறது.

தமிழ் மரபில் இந்த விஷயம் இன்னும் இளகிய முகத்தோடு வருகிறது. அடியார்களைப் பற்றிச் சேக்கிழார் பாடுகிறார்: 'கேடும் ஆக்கமும் கெட்ட திருவினார் ஓடும் செம்பொனும் ஒக்கவே நோக்குவார்.' ஓட்டையும் தங்கத்தையும் ஒன்றாகப் பார்ப்பவர்கள். அதோடு நிற்கவில்லை, 'கூடும் அன்பினில் கும்பிடலே அன்றி வீடும் வேண்டா விறலின் விளங்கினார்' என்று முடிக்கிறார். அன்பினால் கும்பிட்டுக்கொண்டிருந்தால் போதும், மோட்சம்கூட வேண்டாம். தங்கத்தின் மேலும் பிடியில்லை, முக்தியின் மேலும் பிடியில்லை, மிச்சம் இருப்பது அன்பு மட்டும்.

அதற்கு நேர் உதாரணம் அப்பர். திருப்புகலூரில் கோயில் முற்றத்தைக் கையில் உழவாரத்தோடு (புல் செதுக்கும் கருவி) செதுக்கிச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறார். உழவாரம் பட்ட இடமெல்லாம் பொன்னும் நவமணியும் மின்னுகின்றன. முற்றத்தில் கிடக்கிற பருக்கைக் கற்களுக்கும் அவற்றுக்கும் அவர் கண்ணில் வேறுபாடு இல்லை. கல்லோடு கல்லாக உழவாரத்தில் அள்ளிப் பக்கத்துக் குளத்தில் எறிந்துவிடுகிறார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பிடிப்பது, அவர் பொன்னை வெறுத்து முகம் சுளிக்கவில்லை என்பதுதான். வெறுப்பும் ஒரு பிடிதானே. அவர் செய்துகொண்டிருந்தது முற்றம் சுத்தம் செய்கிற வேலை. கிடந்தது குப்பை, அள்ளினார், எறிந்தார். தேவாரத்தில் அவ்வளவு உருகி அழுத மனிதரும் இவர்தான்.

ஒவ்வொரு தத்துவப் பள்ளியும் இதற்கு அடிப்படையாகச் சொல்வது வேறுபடும். அத்வைதத்தில் நான் சாட்சி. முண்டக உபநிஷத்தில் ஒரே மரத்தில் இரண்டு பறவைகள், ஒன்று பழம் தின்கிறது, மற்றொன்று தின்னாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. ராமானுஜர், பலன் என்னுடையதல்ல, கர்மம் என்னுடையதல்ல, செய்பவனும் நான் அல்ல என்று மூன்றையும் இறைவனிடம் விடச் சொல்கிறார். சைவ சித்தாந்தம் இதையே 'இருவினையொப்பு' என்கிறது: நல்வினையின் பயனான இன்பத்தில் துள்ளாமலும் தீவினையின் பயனான துன்பத்தில் துவளாமலும் இரண்டிலும் ஒரேபோல் பற்று நீங்கிய பக்குவம். மலம் பக்குவப்படுகிற மலபரிபாகம், இறையருள் பதிகிற சத்திநிபாதம் என்ற மற்ற இரண்டோடும் சேர்த்துத்தான் இதைப் பேசுவார்கள். தராசில் வைத்ததுபோல இரண்டு வினைகளும் எடை சரியாகிவிடுவது என்று இதைக் கொள்வதைவிட, உயிரின் அறிவில் நிகழும் ஒப்பு என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. நல்லது நடந்தாலும் அது என்னைக் கட்டக்கூடும் என்று தெரிவது சின்ன விஷயமல்ல. துன்பத்தைத் தாங்கப் பழகியவர்கள் உண்டு; பாராட்டைத் தாங்கத் தெரிந்தவர்கள் குறைவு. 'இன்பத்துள் இன்பம் விழையாதான் துன்பத்துள் துன்பம் உறுதல் இலன்' என்ற குறளும் பயிற்சியை இன்பத்தில்தான் தொடங்கச் சொல்கிறது.

ஒரு எச்சரிக்கை. வைராக்கியம் போலத் தோன்றுகிற வேறு சில உண்டு. மயானத்தில் வந்து வீடு திரும்புவதற்குள் போய்விடுகிற மயான வைராக்கியம் எல்லோருக்கும் தெரியும்; அது ஆபத்தில்லாதது. எதிலும் ருசியில்லை, எழுந்திருக்கவே மனமில்லை, யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை, எதற்கும் அர்த்தமில்லை என்ற நிலையைப் பற்றின்மை என்று சிலர் நம்பிவிடுகிறார்கள். ஒளியின்மை, செயலில் இறங்காமை, அசட்டை, மயக்கம், இவை தமஸ் என்ற மந்த குணம் ஓங்கியதன் அடையாளங்கள் என்று 14.13 சொல்கிறது. அந்த நிலை நாட்கணக்கில் நீடித்தால் கீதையைப் புரட்டிக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பார்ப்பதுதான் முறை. உடம்புக்கு வருவதுபோல மனசுக்கும் நோய் வரும்.

இன்னொன்று, சமநிலை வந்துவிட்டது என்று நமக்கு நாமே சான்றிதழ் கொடுத்துக்கொள்வது. மகாபாரதம் சாந்தி பர்வத்தில் மிதிலையின் ஜனகன், என் வலது கையில் சந்தனம் பூசுகிறவனும் இடது கையைச் செதுக்குகிறவனும் எனக்குச் சமம் என்கிறான். அவனைச் சோதிக்க வந்தவள் சுலபா என்ற துறவி. நீ யார், யாருடையவள், எங்கிருந்து வந்தாய், உனக்கு இது தகுமா என்று அவளிடம் சீறுகிறான். சுலபா பதற்றமே இல்லாமல் நீண்ட பதில் சொல்கிறாள்: தன்னையும் பிறரையும் ஒன்றாகக் காண்கிறவன் என்றால், நீ யார், யாருடையவள் என்ற கேள்வி உனக்கு எப்படி வந்தது? அரசனிடம் மறுபேச்சு இல்லை. கையை வெட்டினாலும் சமம் என்று சொல்வது எளிது. முன்னே நிற்கிற ஒரு பெண் தன்னை மதிக்கவில்லை என்று தோன்றும்போதுதான் உண்மை தெரிகிறது.

பயிற்சியாக என்ன செய்யலாம் என்றால், மனசு காற்றைப் போல அடக்க முடியாதது என்று அர்ஜுனனே முறையிட்டிருக்கிறான். கண்ணன் மறுக்கவில்லை, பழக்கத்தாலும் வைராக்கியத்தாலும் பிடிக்கலாம் என்கிறார் (6.35). பெரிய இழப்பு வரும்போது முயன்று பார்ப்போம் என்று காத்திருக்காதீர்கள். குளிர், வெயில் போன்றவை வந்து போகிறவை, பொறுத்துக்கொள் என்ற 2.14 சின்ன விஷயங்களில்தான் ஆரம்பிக்கச் சொல்கிறது. வரிசையில் காத்திருப்பது, நாம் சொன்ன யோசனையை யாரும் எடுக்காதது, செய்த உதவிக்கு நன்றி வராதது, இவை போதும். வேலையைத் தொடங்கும்போது மனசுக்குள் இறைவனுக்கு என்று வைத்துவிடுங்கள். எதைச் செய்தாலும் எனக்கு அர்ப்பணமாகச் செய் என்று 9.27 சொல்வது பூஜையை மட்டுமல்ல, சாப்பிடுவதையும் சேர்த்துத்தான். அப்படிக் கொடுத்த வேலையை ஏனோதானோ என்று செய்ய மனசு வராது. பலன் வேறு மாதிரி வந்தாலும் கொடுத்ததைத் திரும்பக் கேட்கத் தோன்றாது.

கீதையைத் தொடர்ந்து படிக்கப் போகிறீர்கள் என்றால், ஸ்திதப்ரக்ஞன், அதாவது அறிவு நிலைத்தவன், வரும் இரண்டாம் அத்தியாயத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, பன்னிரண்டாம் அத்தியாயத்தின் 13 முதல் 19 வரையுள்ள சுலோகங்களை முதலில் படியுங்கள். அங்கே அந்த மனிதர் நண்பராகவும் கருணையுள்ளவராகவும் அறிமுகமாகிறார். அதற்குப் பிறகு பதினான்காம் அத்தியாயத்தின் 22 முதல் 25, கடைசியாக 2.54 முதல் 72 வரை. மூன்று இடங்களிலும் பேசப்படுவது ஒரே ஆள்தான். இந்த வரிசையில் வந்தால், புலன்களை ஆமைபோல உள்ளே இழுத்துக்கொள்கிறவன் என்று படிக்கும்போது, அவன் எல்லா உயிருக்கும் நண்பன் என்பது ஏற்கெனவே தெரிந்திருக்கும்.